குண்டுக்குப் பிறகு வரும் இரண்டாவது பயம்

குண்டு வெடித்த செய்தி காதில் விழுந்தவுடன் தூரத்து உறவுகளுக்காக மனம் பதறுவதைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இலக்கத்தை அழுத்துவதும், மணி அடித்துக்கொண்டே இருப்பதும், மறுமுனையில் தெரிந்த குரல் கேட்டதும் முழங்கால் தளர்ந்து கதிரையில் விழுவதும் நாற்பது வயதைக் கடந்த ஈழத்தமிழர் பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை நேர்ந்தவை. அந்தப் பதற்றம் கொடியதுதான். ஆனால் அதற்கு ஒரு முடிவு உண்டு. நல்லதோ கெட்டதோ, ஏதோ ஒரு செய்தி வந்து சேர்ந்துவிடும். அதன் பின்னால் சிலருக்கு மட்டும் இன்னொரு பயம் வருகிறது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று முதலாவது பயம் எனக்கு வந்து விடிவதற்குள் தீர்ந்தது. இரண்டாவது பயம் என் பழைய வகுப்புத் தோழன் ஒருவனைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் விடவில்லை. அவனுக்காக என் அக்காவிடம் நான் ஓர் உதவி கேட்கப்போய்த் தொடங்கிய வாதம் இன்றுவரை ஓயவில்லை.

ஏப்ரல் 21ஆம் திகதி காலை எட்டே முக்கால் மணி அளவில் கொழும்பில் முதற் குண்டுகள் வெடித்தபோது ரொறன்ரோவில் இன்னும் சனிக்கிழமை இரவு பதினொன்றே கால். நாங்கள் பாஸ்கா திருவிழிப்புப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு, இனிப்புப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம். மச்சாள் ஒருத்தி ‘கொச்சிக்கடைக் கோயிலில குண்டாம்’ என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எனக்குச் செய்திப் படத்தில் மட்டும் தெரிந்த இடமல்ல; கனடாவுக்கு வருவதற்கு முன் கொட்டாஞ்சேனையில் அறையெடுத்துத் தங்கியிருந்த காலத்தில் செவ்வாய்க்கிழமை தவறாமல் போன கோயில். சைவர்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் கூட மெழுகுதிரியோடு வரிசையில் நிற்கும் அந்த இடத்தில் யாராவது குண்டு வைப்பார்கள் என்பதை மனம் ஏற்கவில்லை. அடுத்து நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில் என்றார்கள், பின்னர் ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி என்று ஹோட்டல்களின் பெயர்கள் வந்தன. அதுவரை அது கொழும்பின் துயரம். ‘மட்டக்களப்பிலயும் வெடிச்சிருக்காம், சேர்ச் ஒண்டில’ என்ற அடுத்த செய்தி வந்ததும் கையில் இருந்தது கீழே விழுந்தது.

மட்டக்களப்பு நகரத்தில் ஒரு கோயில் என்றால் எங்கள் குடும்பத்துக்கு அது புனித மரியாள் பேராலயம்தான். அக்காவும் அத்தானும் பிள்ளைகளும் உயிர்த்த ஞாயிறன்று வேறு எங்கே இருப்பார்கள்? அக்காவின் கைத்தொலைபேசி எடுபடவில்லை. மகளுடையதும் எடுபடவில்லை. அத்தானின் வீட்டுத் தொலைபேசியில்தான் கடைசியில் ஆள் கிடைத்தார். ‘நாங்க வீட்டதான் நிக்கிறம். பூசை முடிஞ்சு எப்பவோ வந்திட்டம். வெடிச்சது சீயோன்ல’ என்றார். அவ்வளவுதான். குண்டுடன் வந்தவன் முதலில் பேராலயத்துக்குத்தான் போனான், அங்கே பூசை முடிந்து சனம் கலைந்திருந்ததால் சீயோன் தேவாலயத்துக்குத் திரும்பினான் என்று பின்னர் வெளியான செய்திகளில் படித்தேன். எங்கள் வீட்டார் உயிரோடு இருப்பதற்குக் காரணம் பூசை நேரம். சீயோனில் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகளுக்கு அந்த நேரம் எதிராக இருந்தது. அங்கே இறந்த 31 பேரில் 14 பேர் சிறுவர்கள். அவர்களில் அக்காவிடம் ரியூசன் படித்த பிள்ளையும் இருந்தது என்பது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

நள்ளிரவு கடந்து, ‘எங்கட ஆக்கள் எல்லாரும் சுகம்’ என்று உறவினர்களுக்கெல்லாம் தகவல் அனுப்பி முடித்த நேரத்தில், டோஹாவில் இருந்து அழைப்பு வந்தது. என்னோடு மட்டக்களப்பில் ஒரே வகுப்பில் படித்த, பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியைச் சேர்ந்த நண்பன். கட்டாரில் ஞாயிறு வேலை நாள். வேலைக்குப் போகும் வாகனத்தில் இருந்து எடுத்திருந்தான். ‘அக்காக்கள் சுகமா மச்சான்?’ என்று கேட்டான். சொன்னேன். ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்றான். பிறகு, ‘ஆரு செஞ்சதெண்டு ஏதும் சொல்றானுகளா?’ என்று கேட்டான். இல்லை என்றேன். வேறு ஏதோ பேசிவிட்டு மறுபடி அதையே கேட்டான். அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. அரசாங்கம் அமைப்பின் பெயரைச் சொன்னது திங்கட்கிழமைதான். அழைப்பை வைத்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கு நன்றாகப் பழக்கமான கேள்வி என்பது உறைத்தது. இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் அதே கேள்வியை, அதே தொனியில், நாங்கள் ஒவ்வொருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

1996இல் அம்மா பயந்தது

1996 ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கியில் வெடிமருந்து ஏற்றிய லொறி மோதி 90க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காயப்பட்டவர்கள் ஆயிரத்துக்கும் மேல். நான் அப்போது கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்த பல இளைஞர்களில் ஒருவன். கோட்டைப் பக்கம் கரும்புகை எழுந்ததை மாடியில் நின்று பார்த்தோம். ‘கேஸ் சிலிண்டரா இருக்கும்’ என்று ஒருவன் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அது கேஸ் சிலிண்டராக இருக்கவேண்டும் என்றே விருப்பம். இறந்தவர்களுக்காக நாங்கள் வருந்தவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வருத்தத்தை முந்திக்கொண்டு வந்தது அந்தக் கேள்வி. யார் செய்தது? எங்களுடைய ஆட்கள் செய்ததென்றால் இன்றிரவு கதவு தட்டப்படும்.

தட்டப்பட்டது. பிறந்த இடம் மட்டக்களப்பு என்று எழுதிய தேசிய அடையாள அட்டையோடு இருந்தவர்களையெல்லாம் வாகனத்தில் ஏற்றினார்கள். பொலிஸ் நிலையத்தில் எனக்கு நடந்ததை இங்கே விவரிப்பது தேவையில்லை. மற்றவர்களுக்கு நடந்தவற்றோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை. என்னை வெளியே கொண்டுவந்தது லொட்ஜ் முதலாளி. தமிழர்கள் தங்குமிடத்தைப் பொலிசில் பதியவேண்டியிருந்த காலம் அது. அவர் பதிவுக் கடதாசியை எடுத்துக்கொண்டு வந்து, வாங்கில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லி எங்களை மீட்டுக்கொண்டு போனார். அவர் பெரிய தயாள மனிதர் என்று நினைக்கவேண்டாம். அறைகள் காலியானால் மாத வாடகை போய்விடும். வழியில் எங்களுக்குத் திட்டும் விழுந்தது.

அப்போது தூரத்து உறவு நான். பதறியவர் மட்டக்களப்பில் இருந்த அம்மா. வானொலியில் கேட்டுவிட்டு, எங்கள் தெருமுனைக் கொமினிக்கேசன் கடையில் போய் நின்றிருக்கிறார். நான் உயிரோடு இருப்பது அவருக்கு அடுத்த நாளே தெரிந்துவிட்டது. ஆனால் அதன் பிறகு அவர் எடுத்த அழைப்புகளில் குண்டைப் பற்றி ஒரு வார்த்தை இருந்ததில்லை. அடையாள அட்டையைத் தலையணைக்குக் கீழே வை, பதிவுக் கடதாசியின் படப்பிரதி ஒன்றைச் சட்டைப் பையில் வை, இருட்டின பிறகு வெளியே போகாதே, சிங்களத்தில் கேட்டால் மெதுவாகப் பதில் சொல் என்றே ஒவ்வொரு முறையும் சொன்னார். குண்டுக்கு அவர் பயந்தது ஒரு நாள். சந்தேகத்துக்குப் பயந்தது நான் விமானம் ஏறும்வரை. குண்டு ஆளைத் தேடி வருவதில்லை. அந்த இடத்தில் இல்லாவிட்டால் தப்பிவிடலாம். சந்தேகம் பெயரைக் கேட்டுக்கொண்டு, விலாசத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கே வரும்.

அம்மாவுக்கு அதில் முன் அனுபவம் இருந்தது. 1990இல் இராணுவம் நகரத்துக்குள் வந்தபோது எங்கள் பள்ளிக்கூட வகுப்புப் படத்தை அவர் அடுப்பில் போட்டு எரித்தார். அதில் நின்ற இருவர் இயக்கத்துக்குப் போயிருந்தார்கள். அந்தப் படத்தில் காத்தான்குடி நண்பனும் இருந்தான். அந்த ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அவன் எங்கள் வகுப்புக்கு வரவில்லை. புலிகள் மறுத்தார்கள், செய்தது அவர்கள்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. தமிழர்களும் அதே காலத்தில், அதே மாவட்டத்தில், கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு ஊரும் கடன் கொப்பி வைத்திருக்கும் கடைக்காரரைப் போல மற்ற ஊரின் பற்றைத் தனித்தனியாக எழுதிவைத்திருக்கும் மாவட்டம் எங்களுடையது. அவனும் நானும் பல ஆண்டுகள் கழித்து முகநூலில் ஒருவரையொருவர் கண்டுபிடித்தபோது அந்த ஆண்டைப் பற்றி மட்டும் பேசாமல் மற்றதெல்லாம் பேசினோம்.

காத்தான்குடியில் ஒரு வீடு

தாக்குதலை நடத்தியவர்களின் தலைவன் சஹ்ரான் ஹாஷிம் காத்தான்குடியைச் சேர்ந்தவன் என்பது வெளியானதும் அந்த ஊர் முழுவதும் ஒரே பெயரால் அழைக்கப்படத் தொடங்கியது. அவனை முதலில் எதிர்த்ததும் அதே ஊர்தான் என்பதைச் சொன்னவர்கள் குறைவு. 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் சூபி வழியைப் பின்பற்றியவர்களோடு அவனுடைய குழு மோதிய பிறகு அவன் தலைமறைவானான். அவனைப் பற்றி அதிகாரிகளிடம் முறையிட்டவர்கள் அவனுடைய ஊர் முஸ்லிம்களே. அந்த முறைப்பாடுகளை அலட்சியம் செய்த அதே அரசு, 2019இல் அவசரகாலச் சட்டத்தோடு அவர்களுடைய அலுமாரிகளைத் திறந்து பார்த்தது.

நண்பனின் உம்மா அந்த ஊரில் தனியாக இருந்தார். வாப்பா மௌத்தாகி நீண்ட காலம். சகோதரிகள் இருவரும் திருமணமாகிக் கொழும்பில். உம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. மகனோடு பேசுவதெல்லாம் வாட்ஸ்அப் குரல் செய்திகளில்தான். தாக்குதல் நடந்த அன்றே அரசாங்கம் முகநூல், வாட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. திரும்பத் திறந்தது 30ஆம் திகதி. வதந்தியைத் தடுக்க என்றார்கள். தண்ணீரில் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்பது போன்ற கதைகள் பரவிக்கொண்டிருந்ததால் அதை முற்றிலும் நியாயமற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்களைப் போல் நேரடி அழைப்பு எடுத்து இரண்டு நிமிடத்தில் ‘சுகம்’ என்று கேட்டு வைப்பவர்களுக்கு அந்தத் தடை ஒரு பொருட்டாக இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் என்ன நடக்கிறது என்று கேட்கவேண்டியிருந்த அவனைத்தான் அது வதைத்தது. அந்த நாட்களில் நாங்கள் இறந்தோர் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்; அது 359 வரை ஏறி, 25ஆம் திகதி சுகாதார அமைச்சு கணக்கைத் திருத்தியபோது 253க்கு இறங்கியது. அவனுக்கு எண்ணிக்கை பார்க்க நேரமில்லை.

26ஆம் திகதி சாய்ந்தமருதில் சஹ்ரானின் உறவினர்கள் இருந்த வீடு சுற்றிவளைக்கப்பட்டு, குழந்தைகள் உட்படப் பலர் அந்த வெடிப்பில் இறந்த பிறகு, கிழக்கில் எந்த முஸ்லிம் வீட்டின் கதவையும் எந்த நேரத்திலும் தட்டலாம் என்ற நிலை வந்தது. உம்மா அவனிடம் கேட்ட கேள்வி இது: வாப்பாவின் கிதாபுகளை என்ன செய்வது? அறபு எழுத்தில் இருக்கும் பழைய மார்க்கப் புத்தகங்கள். அவற்றில் பாதி அறபுத்தமிழ். எழுத்து அறபு, மொழி எங்களுடையது. தேடிவரும் சிப்பாய்க்கு அந்த வேறுபாடு தெரியாது. எரிக்கவும் முடியாது, குப்பையில் போடவும் முடியாது, வைத்திருக்கவும் பயம். ‘மச்சான், ஃபோன்ல கிதாப் எண்டு சொல்லவே பயமா இருக்கு’ என்று அவன் சொன்னபோது எங்கள் வீட்டு அடுப்பில் எரிந்த படத்தை நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. சொல்வதால் அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஏப்ரல் 29 முதல் முகத்தை மறைக்கும் ஆடைக்குத் தடை. உம்மா திருமணமான காலத்தில் இருந்தே முகத்தை மூடித்தான் வெளியே போவார் என்றில்லை. வயது போன பிறகு பழகியது. ஆனால் பழகிவிட்டது. தடைக்குப் பிறகு அவர் வாசலுக்கும் வருவதில்லை. மே 13ஆம் திகதி குளியாப்பிட்டி, மினுவாங்கொடை பக்கங்களில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதே மாதம் ஹசலக்கவில் ஒரு பெண்ணின் சட்டையில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச்சக்கரம் என்று சொல்லிப் பொலிஸ் அவரைக் கைது செய்தது. டோஹாவில் இருந்து என் நண்பன் தன் உம்மாவின் சட்டைகளில் என்னென்ன பூ, என்னென்ன கோலம் போட்டிருக்கிறது என்று ஞாபகப்படுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்க வேடிக்கையாக இருக்கும். எனக்கு வேடிக்கையாக இருக்கவில்லை, ஏனென்றால் அம்மாவின் தலையணைக் கட்டளைகளும் வேறொருவருக்கு அப்படித்தான் ஒலித்திருக்கும்.

இதற்கிடையில் உம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும். மாதத்துக்கு ஒருமுறை மட்டக்களப்பு நகரத்தில் கிளினிக். கிளினிக் கொப்பியோடு போய், வரிசையில் இருந்து, ஒரு மாத மருந்தை எடுத்துவரவேண்டும். காத்தான்குடியில் இருந்து நாவற்குடா, கல்லடி தாண்டிப் பாலத்தைக் கடந்தால் நகரம், அதிக தூரமில்லை. மே மாத கிளினிக்கை அவர் தவறவிட்டார். தமிழ் ஊர்களைத் தாண்டிப் போகவேண்டும், பிள்ளைகளை இழந்த நகரத்துக்குள் போகவேண்டும், வரிசையில் யார் என்ன சொல்வார்களோ என்ற பயம். அவன் என்னிடம் கேட்டான், மிகவும் தயங்கித்தான் கேட்டான்: ‘அக்கா ஒருநாள் உம்மாவோட கூட இருப்பாவா மச்சான்? வரிசையில பக்கத்துல இருந்தாக் காணும்.’

அக்காவின் பதில்

அக்காவை நான் அன்று அழைத்தபோது அவர் சீயோனில் இறந்த பிள்ளை ஒன்றின் முப்பத்தோராம் நாள் நினைவுக்குப் போய்விட்டு வந்திருந்தார். அதை நான் அறிந்தே எடுத்தேன். பொறுத்திருந்து கேட்க நேரமில்லை, மருந்து முடிந்துகொண்டிருந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: ‘தம்பி, அந்த உம்மா ஒரு பிழையும் செய்யல்ல. எனக்குத் தெரியும். ஆனா இப்ப என்னால ஏலா. நாலு சின்னப் பெட்டிய அடுத்தடுத்துப் பார்த்தவ நான். என்னைக் கேக்காத.’ நான் விடவில்லை. 1996ஐ எடுத்தேன். அதே பயம்தான் அக்கா, அம்மா பட்ட அதே பயம்தான் அந்த மனுசன் படுகிறான் என்றேன். ‘அப்ப எங்களுக்கு ஆர் வந்தது?’ என்றார். லொட்ஜ் முதலாளி வந்தாரே என்றேன்.

அதற்கு அக்கா சொன்ன பதிலைத்தான் நான் இத்தனை காலமாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன். ‘அவன் வாடகைக்கு வந்தவன். அவனுக்கு உன்மேல கோபமும் இல்ல, பாசமும் இல்ல. நீ என்னட்டக் கேக்கிறது அதில்ல. நான் அழுதுகொண்டு இருக்கக்குள்ள என்ட மனசையும் கொண்டு போய் அங்க இரு எண்டு கேக்கிறாய். தூரத்தில இருந்துகொண்டு நல்லவனா இருக்கிறது லேசு.’ பிறகு அத்தானிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டார். அத்தான் வெயிலைப் பற்றிப் பேசினார்.

கடைசி வாக்கியம் சுட்டது. ஆனால் அதற்கு என்னிடம் பதில் உண்டு. தூரத்தில் இருப்பவனுக்குச் சவப்பெட்டி தெரிவதில்லை என்பது உண்மை. அதே காரணத்தால் அவனுக்குக் கல்லடிப் பாலத்தின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தெரிகிறது. பாலத்தின் ஒரு பக்கத்தில் நிற்பவருக்கு மற்றப் பக்கம் தெரியவேண்டிய நாளில் மூடுபனி வந்துவிடுகிறது. அக்கா தன் பக்கத்தைப் பார்த்தது குற்றமில்லை. இரண்டையும் பார்க்க முடிந்தவன் பார்த்ததைச் சொன்னதும் குற்றமில்லை. இவ்வளவும் வாதத்தின் இலகுவான பகுதி.

கடினமானது அவருடைய முதற் பகுதி. லொட்ஜ் முதலாளி தந்ததும் நான் அக்காவிடம் கேட்டதும் ஒன்றே என்றுதான் நினைத்திருந்தேன்: ஒரு வாங்கில், ஒரு பகல், பக்கத்தில் இருப்பது. சந்தேகிக்கப்படும் சமூகத்து மனிதருக்கு அவசரமாகத் தேவைப்படுவது பெரிய சொற்கள் அல்ல என்பதை அனுபவத்தில் அறிந்தவன் நான். அந்தப் பொலிஸ் நிலையத்துக்கு என்மீது இரக்கப்பட்டுக் கண்ணீர் விடும் ஒருவர் வந்திருந்தால் எனக்கு ஒரு பயனும் இருந்திருக்காது. கடதாசியோடு ஒருவர் வந்ததால்தான் வெளியே வந்தேன். ஆகவே அக்காவிடமும் நான் மனதைக் கேட்கவில்லை, உடலைத்தான் கேட்டேன் என்பது என் கட்சி. அக்கா அதை ஏற்கவில்லை. துக்க வீட்டில் இருப்பவருக்கு அந்த இரண்டையும் பிரித்தெடுத்துக் கொடுக்க முடியாது என்றார். வாடகைக்காக வருபவன் உடலை மட்டும் கொண்டுவரலாம். பிள்ளையை இழந்த தெருவில் இருந்து வருபவள் எதைக் கழற்றி வைத்துவிட்டு வருவாள்? இதற்கு நான் இன்னும் திருப்தியான பதில் கண்டுபிடிக்கவில்லை. துக்கப்படுபவர்களிடம் பெருந்தன்மையை எதிர்பார்ப்பதில் ஒரு கொடுமை இருக்கிறது. உலகம் அவர்களிடம் அதைக் கேட்கும்போதெல்லாம் நாமும் கைதட்டுகிறோம், கேட்டவரைப் பற்றி யோசிப்பதில்லை.

உம்மா கடைசியில் ஜூன் மாத கிளினிக்குக்குப் போனார். கூட்டிப்போனவர் ஒரு தமிழ் முச்சக்கரவண்டிக்காரர். முன்பும் சிலவேளை அவரைக் கூட்டிப்போனவர். தாக்குதலுக்குப் பிறகு காத்தான்குடிப் பக்கம் வராமல் இருந்தவர். நண்பன் டோஹாவில் இருந்து அவருக்கு அழைப்பெடுத்துப் பேசியிருக்கிறான். வழக்கமான கூலியைப் போல இரண்டு மடங்கு கேட்டாராம். ‘கூடத்தான் எடுத்தான். ஆனா மருந்து எடுக்கிற வரைக்கும் உள்ளுக்க வந்து பக்கத்துல இருந்தான் மச்சான். உம்மாட கொப்பிய அவன்தான் கொண்டு போய்க் குடுத்தானாம்’ என்று நண்பன் சொன்னபோது அவனுடைய குரலில் கசப்பு சிறிதும் இல்லை. அடுத்த மாதமும் அதே ஆள், அதே இரண்டு மடங்கு. ஆண்டு முடிவதற்குள் கூலி வழமைக்கு வந்துவிட்டது. பேரம் பேசியது உம்மாவேதான். வாப்பாவின் கிதாபுகளை ஊர்ப் பள்ளிவாசலில் ஒப்படைத்துவிட்டார்கள்.

அக்காவிடம் இதை உடனே சொல்லவில்லை. 2023 ஜனவரியில், தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பாதிக்கப்பட்டவர்களுக்கு 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த வாரத்தில், பேச்சு மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவில் இருந்து எச்சரிக்கை வந்தும் ஒரு கோயிலுக்கும் அறிவிக்கவில்லை என்பதை நினைத்து அக்கா கொதித்துக்கொண்டிருந்தார். அறிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், அறியாத கிழவிகளின் அலுமாரியைத்தான் பிறகு கிண்டினார்கள் என்று நான் சொன்னேன். மறுக்கவில்லை. அப்போதுதான் முச்சக்கரவண்டிக்காரரின் கதையைச் சொன்னேன்.

‘பார்த்தியா, அதுதான் சரியான வழி. காசுக்குப் போறவன முதல்லயே கேட்டிருக்கலாம். என்னைக் கேட்டதுதான் சரியில்ல’ என்றார் அக்கா. நான் ஒத்துக்கொள்ளவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் அவர் மறுக்கலாம், அது அவருடைய உரிமை. ஆனால் கேட்கவே கூடாது என்றால் பாலத்தின் இரண்டு பக்கத்துக்கும் இடையே கூலிக்குப் போய்வருபவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள் என்றேன்.

‘மிஞ்சட்டும்’ என்றார் அக்கா. ‘எல்லாரும் போகாம நிண்ட நேரத்தில அவனாவது போனான்தானே.’